பின்சக்கரத்தில் மீன் வாசம்

கார் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்பதற்காக மணப்பாட்டில் அதுவரை யாரும் ஒருசந்தி இருந்ததில்லை. பிலோமினா இருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் மணல்மேட்டில் ஏறி, சிலுவைக் கோயிலில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, அந்தப் பெட்ரோல் எங்கன போவுதுன்னு காட்டிக் குடும்" என்று கேட்டுவிட்டு வருவாள். பக்கத்தில் நின்று செபித்தவர்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு விஷயம் ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டார்கள்.

விஷயம் இதுதான். பிலோமினாவின் மகள் விஜிலா பிள்ளைத்தாய்ச்சியாகத் தாய்வீட்டில் இருந்தாள். போன வருஷமும் இதே ஐப்பசியில் அப்படித்தான் இருந்தாள். வலி கண்டதும் அப்பா விக்டரின் காரில் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். பழையகாயல் தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம் கிடக்கிற இடத்தில் கார் பெட்ரோல் இல்லாமல் நின்றது. ஆம்புலன்ஸ் வேறெங்கோ ஒரு விபத்துக்குப் போயிருந்தது. உப்பளத்து ஆட்கள் நாலு பேர் வந்து தள்ளிப் பார்த்தார்கள். கார் அசையவில்லை. மணலில் புதைந்துவிட்டது என்றார் விக்டர். கடைசியில் ஒரு லோடு ஆட்டோவில், உப்பு மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்து விஜிலாவைக் கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்தபோது வயிற்றில் இருந்த பெண்பிள்ளைக்கு மூச்சு இல்லை.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தயாரித்த கம்பெனிக்காரனே மறந்துபோன மாடல். பெட்ரோல் முள் செத்து வெகுகாலம். எவ்வளவு ஊற்றினோம், எங்கே போய் வந்தோம் என்று மனதுக்குள் கணக்கு வைத்துத்தான் ஓட்டுவார் விக்டர். கடல் தொழிலை விட்டு வள்ளத்தை விற்றபின் வாங்கியது. ஆனால் வள்ளத்தை விற்றாரே தவிர வள்ளக்காரன் புத்தியை விற்கவில்லை. காரை நிறுத்தினால் நங்கூரம் போடுகிற மாதிரி ஹேண்ட் பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்துவிட்டுத்தான் இறங்குவார். சமதரையில் எதற்கு இந்த இழுப்பு என்று கேட்டால், "கட்டாம விட்ட வள்ளம் எவனுக்குச் சொந்தம்லே" என்பார். அதோடு விட்டாரா? செப்டம்பரில் சிலுவைத் திருவிழாவுக்கு முன்னால் ஊரில் வள்ளங்களுக்கெல்லாம் எண்ணெய் பூசுவார்கள். சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெய். பலகையில் பூசினால் உப்பும் வெயிலும் அண்டாது. விக்டர் அதையே காருக்கும் பூசினார். கடற்காற்றில் தகரம் இற்றுப்போகாமல் இருக்க, கீழே பாய் விரித்து மல்லாந்து படுத்து, அடிப்பாகம் முழுக்கத் தன் கையால் தேய்ப்பார். நாற்றம் தாங்காமல் தெருநாய்கள் காரைச் சுற்றிச் சுற்றி வரும். அவருக்கு அது பெருமை.

பெட்ரோல் விஷயத்துக்கு வருவோம். அன்றைக்கு முந்தின நாள் காரைத் திருச்செந்தூருக்கு எடுத்துப் போனவன் மருமகன் ஆன்றோ. திரும்பும்போது குலசை பங்க்கில் பெட்ரோல் போட்டான். பங்க்கில் வேலை பார்க்கும் கிருபை அதைத் தன் கையாலேயே ஊற்றினாள். இதில் சந்தேகமே இல்லை. ஆனால் விக்டரின் கணக்குப்படி, போட்டிருந்தால் கார் தூத்துக்குடிக்குப் போய்விட்டு ஊருக்கே திரும்பியிருக்க வேண்டும். நின்றுவிட்டது. ஆகவே ஆன்றோ போடவில்லை. கிருபை ஆன்றோவுக்குச் சின்னம்மா மகள், அவள் வேறு எப்படிச் சொல்லுவாள் என்று சாட்சியையும் தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஆன்றோ மாலத்தீவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் தோணியில் வேலை பார்ப்பவன். இந்தத் தடவை பேறுகாலம் முடியும்வரை தோணி ஏறமாட்டேன் என்று வந்து உட்கார்ந்துவிட்டான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்துகொண்டு, எல்லாவற்றையும் விஜிலா வழியாகவே பேசினார்கள்.

"ஏளா விஜிலா, டேங்கு ரொம்பிக் கெடக்கான்னு கேளு" என்பார் விக்டர், ஆன்றோ முன்னால் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே.

"ரொம்பித்தான் கெடக்குன்னு சொல்லு. தெனமும் காலையில குச்சி விட்டுப் பாக்கேன்னும் சொல்லு."

"போன வருசமும் இப்படித்தான் சொன்னாம்னு சொல்லு."

விஜிலா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"டேங்கு ரொம்பிக் கெடந்தா மட்டும் போதுமா? அன்னைக்கு அவ்வளவு பெட்ரோலையும் குடிச்சது எது? அது இன்னமும் அந்தக் காருக்குள்ளதான இருக்கு. அது என்னன்னு தெரியாம நான் அதுல ஏறமாட்டேன் பப்பா. சத்தியமா ஏறமாட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் கார் குடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆன்றோ ஊற்ற ஊற்ற எங்கோ போனது. டேங்கில் ஓட்டை இல்லை, கீழே சொட்டும் இல்லை. உடம்புக்கு என்னவென்று தெரியாமல் ஆள் மெலிவதைப் பார்க்கிற பயம் அந்த வீட்டைப் பிடித்துக்கொண்டது. ஊரில் வாடகைக் கார் இல்லாமல் இல்லை. வேண்டிய நேரத்தில் அது திருச்செந்தூர் கோயில் வாசலில் நிற்கும். விஜிலாவுக்கு பிரஷர் வேறு. வலி வந்தால் எங்கும் நிற்காமல் நேரே தூத்துக்குடிக்கு வந்துவிடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். எப்படிப் பார்த்தாலும் அந்தக் காரைச் சரி செய்துதான் ஆக வேண்டும்.

குலசையில் பால்துரை ஒர்க் ஷாப் வைத்திருந்தான். இரண்டு பேரும் போனார்கள். விஜிலா கூட இல்லாததால் பால்துரை நடுவில் நின்று பேச்சைக் கடத்த வேண்டியதாயிற்று. அவன் ஏர் பில்டரைக் கழற்றித் தட்டினான். வீட்டுக் கூரையைத் தட்டினமாதிரி மண் கொட்டியது. புதுசு போட்டான். பிளக்குகளை மாற்றினான். கார்பரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் ஊறவைத்து, ஊசித் துவாரங்களை ஊதிவிட்டு மாட்டினான். டயர்களுக்குக் காற்று அடித்தான். காருக்கு அடியில் ஒருமுறை புகுந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"என்ன அண்ணாச்சி, இங்கன மீன் கம்பெனியே வச்சிருக்கியளா? கை வச்சா பசை மாதிரி ஒட்டுது."

"ஈரல் எண்ணெய்டே. இந்த வருசம் ரெண்டு பூச்சு. பேரப்பிள்ள ஏறப்போற வண்டில்லா."

பிறகு பாட்டில் சோதனை பார்த்தார்கள். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோலை பாட்டிலில் ஊற்றி பானட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டு, அது தீர்கிற வரைக்கும் ஓட்டுவது. எங்கே போய் நிற்கிறதோ, அதுதான் காரின் நிஜமான மைலேஜ். ரிப்பேருக்கு முன்னால் ஒருமுறை பார்த்தபோது ஆலந்தலை வருமுன்னே நின்றிருந்தது. இப்போது திருச்செந்தூரைத் தாண்டியும் ஓட வேண்டும் என்றான் பால்துரை. ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பமாட்டார்கள் என்பதால் மாமனாரும் மருமகனும் சேர்ந்தே போனார்கள். விக்டர் ஓட்டினார்.

ஆலந்தலை தாண்டியது. விக்டரின் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. பனங்காட்டைக் கடக்கும்போது இன்ஜின் ஒருதரம் விக்கியது. இன்னொருதரம் விக்கியது. பிறகு சத்தம் நின்று, காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. திருச்செந்தூர்க் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. கார் உருளாமல், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி உடனே நின்றுவிட்டது. நிற்கும் என்று தெரிந்தேதான் வந்திருந்தார்கள். ஆனாலும் விக்டரின் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. பின் சீட்டைத் திரும்பிப் பார்க்க இரண்டு பேருக்கும் பயமாக இருந்தது. அங்கே யாரும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

குழாயை மறுபடி டேங்கில் மாட்டி ஒர்க் ஷாப்புக்குத் திரும்பினார்கள். "இன்ஜின்ல ஒரு கொறையும் இல்ல" என்றான் பால்துரை. "வேற எங்கயோ திங்குது. பின்சக்கரத்து டிரம்மைக் கழட்டிப் பாக்கணும். துருப்பிடிச்சு ஒட்டிக் கெடக்கு, ஒடைச்சுத்தான் எடுக்க முடியும். சாமான் திருநெவேலியிலருந்து வரணும். வண்டி இங்கனயே கெடக்கட்டும்."

விக்டர் சம்மதிக்கவில்லை. "எம்மவ நெறமாசமா இருக்கா. வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டு நான் என்ன செய்ய? பேறு முடியட்டும், பொறவு பாப்போம்."

ஆன்றோவும் அதைத்தான் நினைத்தான். ஒரு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அதுவும் தப்பாகப் போயிற்று.

மேல்காற்றான கச்சான் அடங்கி வாடைக்காற்று பிடிக்கத் தொடங்கிய ஒரு நாள் காலை, பிலோமினா குசினியில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். விஜிலா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரமாக நிற்பதை அப்புறம்தான் கவனித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"ஏளா, வலிக்கா?"

"இல்லம்மா."

"எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எப்பருந்து?"

விஜிலாவுக்கு அழுகை வந்துவிட்டது. "விடியும்போதே. சொன்னா அந்தக் கார்ல ஏத்துவீய. அதான் சொல்லல. அம்மா, என்ன அதுல ஏத்தாதிய. இங்கனயே இருந்துருதேன்."

பிலோமினா மீன் கையோடு வாசலுக்கு ஓடினாள். வாடகைக் கார் திருநெல்வேலிக்குப் போயிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் சாத்தான்குளத்திலிருந்து வரவேண்டும், கொஞ்சம் காத்திருங்கள் என்றார்கள். காத்திருங்கள் என்ற சொல்லுக்கு மேல் அந்த வீட்டில் ஒருவரும் நிற்கவில்லை. ஆன்றோ விஜிலாவைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் ஏற்றினான். அவள் பிடித்திருந்த பிடியில் அவன் சட்டை கிழிகிற மாதிரி இருந்தது.

விக்டர்தான் ஓட்டினார். பக்கத்தில் ஆன்றோ. பின்னால் மகளின் தலையை மடியில் வைத்து பிலோமினா செபமாலை சொல்லிக்கொண்டே வந்தாள். குலசை போயிற்று, திருச்செந்தூர் போயிற்று, காயல்பட்டினம் போயிற்று. ஆறுமுகநேரியில் ஒரு கல்யாண ஊர்வலம் குறுக்கே வந்தது. விக்டர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. ஆத்தூர்ப் பாலத்தில் ஏறும்போது விஜிலா கண்ணைத் திறந்தாள்.

"யாரும்மா மீன் பொரிக்கா?"

"இங்கன யாருளா பொரிப்பா? ஆத்துப் பாலத்துல போறோம்."

"சாளை பொரிக்க வாசம் வருதும்மா. எண்ணெய் காந்துத வாசம்."

"உரசுன கையைக் கழுவாம வந்துட்டேன், அதான்."

"அது பச்ச வாசம்லா. இது பொரிக்க வாசம்."

"இந்த நேரத்துல பிள்ளைத்தாய்ச்சிக்கு எல்லாந்தான் மணக்கும்" என்றார் விக்டர், திரும்பாமலேயே. "கண்ண மூடிட்டு வா மக்கா. இன்னா வந்துட்டு."

முக்காணி தாண்டி, பழையகாயலும் தாண்டியது. இரண்டு பக்கமும் உப்பளம் வந்தது. வெயிலில் உப்புக் குவியல் கண்ணைக் குத்தியது. ஒரு வீடு கிடையாது, ஒரு அடுப்பு கிடையாது. விஜிலா தாயின் மடியிலிருந்து துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இருந்தது வலி இல்லை.

"நிறுத்துங்க பப்பா. அன்னைக்கும் இதே வாசந்தான் வந்துச்சு. இதே இடத்துல. நான் சொன்னேன், யாருமே காதுல வாங்கல. நிறுத்துங்க."

அவள் அன்றைக்கும் சொன்னது ஆன்றோவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. வலியில் பிதற்றுகிறாள் என்று நினைத்திருந்தான். அதற்குள் மற்றவர்களுக்கும் அந்த வாசம் எட்டிவிட்டது. பின்பக்கத்திலிருந்து மெல்லிய புகை மேலே வந்தது. விக்டர் ஓரம் கட்டினார். பழக்க தோஷத்தில் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. ஆன்றோ அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான். வருஷம் ஒன்றுக்குப் பிறகு அவரைத் தொட்டது அப்போதுதான்.

"இழுக்காதிய மாமா."

இறங்கி ஓடிப் பின்சக்கரத்தில் கை வைத்தவன் அலறிக்கொண்டு கையை உதறினான். தோல் வழன்றுவிட்டது. இரும்பு பழுக்கக் காய்ந்திருந்தது. அடுத்த பக்கச் சக்கரமும் அப்படியே. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டுக் காரைத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. போன வருஷம் நாலு பேர் தள்ளியும் அசையாத அதே கார்.

"பெட்ரோல் இருக்குல்லா? இருக்குல்லா?" என்று விக்டர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். உள்ளே விஜிலா ஒரு பெருங்குரல் எடுத்தாள். பிலோமினா, "பனிக்குடம் உடைஞ்சிட்டு, யாராவது வாங்களேன்" என்று கதறினாள். உப்பளத்தில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆன்றோ டிக்கியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தான்.

கொதிக்கிற மண்ணில் மல்லாந்து கிடந்து பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. ஹேண்ட் பிரேக்கிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் கம்பி, அதன் உறை, கொக்கி எல்லாவற்றின் மேலும் ஈரல் எண்ணெய் காய்ந்து, மணலும் உப்பும் சேர்ந்து, கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகிப்போயிருந்தது. உள்ளே லிவரை இறக்கினாலும் கம்பி திரும்பி வர வழியில்லை. கடைசிப் பல் வரை இழுத்த பிரேக் முழுசாக விடுபடவே இல்லை. கட்டிப்போட்ட காரைத்தான் இவ்வளவு நாளும் பெட்ரோலை ஊற்றி ஊற்றி இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அது குடிக்காமல் என்ன செய்யும்?

கொக்கியைப் பிளேயரால் நெம்பிக் கழற்றினான். வெந்த கை வழுக்கியது. கல்லை எடுத்துச் சக்கரத்தோடு ஒட்டியிருந்த சின்ன லிவரைத் தட்டினான். ஒருபக்கம் விட்டது. உருண்டு அடுத்த பக்கம் போய்த் தட்டினான். மேலே விஜிலா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. மூன்றாம் தட்டில் சக்கரத்துக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"மாமா, தள்ளிப் பாருங்க" என்றான் வெளியே வந்து.

விக்டர் காரின் பின்பக்கம் ஒரு கையை வைத்தார். தள்ளக்கூட இல்லை, வைத்தார். கார் தொட்டில் மாதிரி நகர்ந்து போனது.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு ஆன்றோவின் கையைப் பார்த்தார். அதில் தோல் வழன்ற இடத்தைச் சுற்றிக் கருப்பாக ஒட்டியிருந்த பசையின் வாசம் அவருக்கு எட்டியது. அந்த எண்ணெய் எது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"ஏறுங்க மாமா. நான் ஓட்டுதேன்."

கார் போன வேகம் பிலோமினாவுக்குப் பயமாக இருந்தது. இந்த வண்டிக்கு இவ்வளவு கால் உண்டு என்று அவளுக்குத் தெரியாது. முள்ளக்காடு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. விக்டர் முன்சீட்டில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரி முகப்புச் சரிவில் ஏற்றி நிறுத்தியதும் ஸ்ட்ரெச்சர் வந்தது. நர்ஸ் விஜிலாவின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டாள். அவள் காதிலிருந்து அதை எடுக்கும்வரை ஆன்றோவுக்கு மூச்சே இல்லை. "துடிப்பு இருக்கு. ஆனா எறங்குது. சீக்கிரம்" என்று தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பிலோமினாவும் ஆன்றோவும் பின்னால் ஓடினார்கள். கார் மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. விக்டர் டிரைவர் சீட்டுக்குத் தாவி பிரேக்கில் காலை வைத்தார். இனி அதற்கு ஹேண்ட் பிரேக் கிடையாது.

உள்ளே ஆபரேஷன் நடந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் பிலோமினா எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். ஆன்றோவின் கையில் மருந்து வைத்துக் கட்டக் கூப்பிட்டார்கள், அவன் போகவில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது நர்ஸ் ஒரு துணிச்சுருளைக் கொண்டு வந்து பிலோமினாவின் கையில் கொடுத்தாள். பெண்பிள்ளை. உள்ளங்கால் ரோஜா நிறத்தில் இருந்தது. கொட்டாவி விட்டது. தாயும் நன்றாக இருக்கிறாள் என்றாள் நர்ஸ். பிலோமினா அழுதுகொண்டே ஆன்றோவிடம், "ஒங்க மாமாவக் கூப்பிடு" என்றாள்.

விக்டர் காரைவிட்டு இறங்கவே இல்லை. செக்யூரிட்டி வந்து அதட்டியும் நகர்த்தவில்லை. பிரேக்கில் வைத்த கால் வைத்தபடி இருந்தது. கியரில் போட்டுவிட்டு இறங்கலாம் என்று அவருக்குத் தெரியாததல்ல.

"மாமா, பொம்பளப்பிள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. வாங்க."

விக்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நீங்க போங்கடே. நான் வரல."

"பிள்ளையப் பாக்க வேண்டாமா?"

"எந்த மூஞ்சியோட பாக்கச் சொல்லுத?" அவர் கைகளை விரித்துக் காட்டினார். "இந்தக் கைதான் தேச்சுச்சு. வருசா வருசம் பாயப் போட்டுப் படுத்துத் தேச்சேன். மூத்தவள நாந்தாண்டே கொன்னுட்டேன். பழிய ஒம்மேல போட்டுட்டு ஒரு வருசம் ஒங்கையால தண்ணி வாங்கிக் குடிக்காம இருந்தேன்."

சொல்ல வேண்டியதெல்லாம் ஆன்றோவிடம் இருந்தது. ராத்திரியெல்லாம் தோணித் தட்டில் படுத்துக்கொண்டு, ஒருநாள் உண்மை தெரியும், அன்றைக்கு இந்த மனுஷனை இப்படிக் கேட்க வேண்டும், அப்படிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தான். அந்த நாள் இதுதான். அவன் கதவில் சாய்ந்துகொண்டு கிழவரின் காலைப் பார்த்தான். பிரேக்கை மிதித்து மிதித்து அது கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"மாமா, அன்னைக்கு நான் பெட்ரோல் போடல."

விக்டர் நிமிர்ந்தார்.

"போட்டேன்னு பொய் சொன்னேன். நாளைக்குப் போட்டுக்கிடலாம்னு வந்துட்டேன். வண்டி நின்னது அதனாலதான். ஒங்க எண்ணெயால இல்ல."

"கிருபை சொன்னாளே."

"அவ எனக்காவச் சொன்னா."

விக்டர் அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கடலில் வானத்தின் முகம் பார்த்தே காற்றைக் கணக்குப் போட்டவர் அவர். அவன் எதற்காகச் சொல்கிறான் என்று அவருக்குப் புரியாமல் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடியில் ஓடியது, துடைக்கவில்லை.

"மருமவனே" என்றார் கடைசியில். "கால் மரத்துட்டு. எடுத்தா வண்டி உருண்டுரும். ஒரு கல்லு கொண்டா."

ஆன்றோ சுற்றுமுற்றும் பார்த்து, செடிக்கு அணைத்திருந்த கல்லில் ஒன்றைப் பெயர்த்துக் இன்னும் கட்டுப்போடாத, வெந்த கையாலேயே தூக்கி வந்து, பின்சக்கரத்துக்கு அணைவாக வைத்தான். சக்கரம் ஆறியிருந்தது. "வச்சாச்சு மாமா, விடுங்க" என்றான். விக்டர் மெதுவாகக் காலை எடுத்தார். கார் கல்லில் சாய்ந்து நின்றது.